மாருதி 800-க்கு ரப்பர் புஷ்ஷா, பியூ (பாலியூரிதேன்) புஷ்ஷா?

பிரேக்கில் கால் வைத்தால் முன்னால் ஒரு "டொக்", காலை எடுத்தால் இன்னொரு "டொக்". பழைய 800 ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகவே தெரியும். பெரும்பாலும் பழி ஷாக் அப்சார்பர் மேல்தான் விழும். ஆனால் இந்த வண்டியில் ஸ்டெபிலைசர் பாருக்கு, அதாவது முன்பக்கம் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிக்கு, இரண்டு வேலை. வளைவில் சாயாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. அதன் நுனி, சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கைக்குள் நுழைந்து, சக்கரம் முன்பின் போகாமல் பிடித்திருப்பது இன்னொன்று. அந்த நுனியில் இரும்போடு இரும்பு உரசாமல் மெத்தை மாதிரி இருக்கும் புஷ் செத்துப்போனால், பிரேக் அடிக்கும்போது சக்கரமே பின்னால் போய்த் திரும்பும். ஒருவர் வண்டியை மெல்ல உருட்டிப் பிரேக் போட, இன்னொருவர் ஓரமாக நின்று வீலைப் பார்த்தால் போதும், கண்ணுக்கே தெரியும்.

எங்கள் 2005 மாடலில் முன்பக்க புஷ் எல்லாவற்றையும் மாற்றி சில வருஷம் ஓடிவிட்டது. போட்டது சாதா ரப்பர். கடையில் பாலியூரிதேனைத்தான் தூக்கிப் பேசினார்கள்: ஆயிலுக்கு அசையாது, நீண்ட நாள் உழைக்கும், ஸ்டியரிங் கூர்மையாகும். பொய்யில்லை. ஆனால் 12 இஞ்ச் வீல், 650 கிலோ சுமார் எடையுள்ள வண்டிக்கு, நம் சாலைகளில் அந்த விறைப்பு எதற்கு? ஒவ்வொரு குழியும் சீட்டுக்கு வந்து சேரும். நண்பர் வண்டியில் பியூ போட்டிருக்கிறார். கிரீஸ் காய்ந்ததும் ஸ்பீட் பிரேக்கர் தோறும் கிறீச்சிடுகிறது.

என் கணக்கில், எந்தப் பிராண்ட் என்பதைவிட எப்படி மாட்டினார்கள் என்பதுதான் பெரிது. ஆர்மின் உள்பக்க புஷ்ஷில் ரப்பர் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும். அது வழுக்கிச் சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் திரும்பும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக டைட் வைத்தால், கீழே இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். சீக்கிரம் கிழியத்தானே செய்யும்? பாதி டைட் வைத்து, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு, பிறகு கடைசி டைட். எங்கள் மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். புஷ்ஷைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்.

ஆர்ம் சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டிலும் ஆட்டம் இருந்தால் புஷ்ஷுக்கு மட்டும் லேபர் கொடுக்காமல் ஆர்மை செட்டாகவே வாங்கிவிடுங்கள். வாங்கும்போது ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பளபளப்பு இருந்தும் கல் மாதிரி இருந்தாலோ, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ பழைய ஸ்டாக். எந்த விலைக்கும் வேண்டாம். மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

இப்போது பிரேக் சத்தம் அறவே இல்லை. பாரை பாடியோடு பிடிக்கும் நடு புஷ் மட்டும் காலை நேரத்தில் லேசாக முனக ஆரம்பித்திருக்கிறது. விலை குறைந்த சாமான், கையோடு மாற்றிவிடலாம். அதற்கும் ரப்பர்தான் வாங்கப்போகிறேன்.