ஹெரால்ட் காருக்குப் பின்கதவு இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறேன் என்று யாராவது சொன்னால் உஷார்!

2,85,000 ரூபாய். நான் ஏமாந்த தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிற எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் அப்பாவின் கார் ரெக்கவரி வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், அதன்மேல் கோணலாக வைத்த பாடி, உள்ளே நான்கு சாக்கு மூட்டை. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

பழைய காரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் எப்படித் திட்டம் போட வேண்டும் என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யோசனை எல்லாம் கடைசியில்.

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, 1971 மாடல், நாலு கதவு. இந்தத் தலைமுறைக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இது. மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்தது. 1961-லிருந்து நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்து விற்றது. 948 சி.சி. இன்ஜின். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரம் வரை எல்லாமே கண்ணுக்குத் தெரியும். சுமார் 25 அடி அகலத்துக்குள் திரும்பிவிடும். ஈரோட்டில் எங்கள் சந்துக்குள் அப்பா ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வளைப்பில் திருப்புவார். எதிர்வீட்டுத் தாத்தா அதைப் பார்ப்பதற்கென்றே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. வண்டி அன்றிலிருந்து ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை துருவேறி ஓட்டை. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டி நின்று பாடியைத் தாங்கும் கைகள் இருக்கின்றனவே, அவற்றில் இரண்டு, விரலால் அழுத்தினாலே உதிர்கிற நிலை. ஹெரால்டில் எல்லாருக்கும் வருகிற வியாதி இது. சரி, இனியும் விட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று போன மாசியில் இறங்கினேன்.

கோவைக்கு வெளியே, பழைய கார்களை மட்டும் எடுத்துச் செய்கிற ஒரு ஒர்க் ஷாப். பெயர் சொல்லப் போவதில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். வீடியோ எல்லாம் பிரமாதமாகப் போடுவார்கள். துருப்பிடித்த ஃபியட் ஒன்று பளபளவென்று மாறுவதை நானே பத்து தடவை பார்த்திருக்கிறேன்.

நான் எந்த இடத்தில் விழுந்தேன் என்பதை எழுதியே ஆக வேண்டும். அந்த ஒர்க் ஷாப்பை நடத்துகிறவர் வண்டியைப் பார்க்க நேரில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டார். ஹெரால்டைப் பார்க்கிற புது ஆட்கள் எல்லாரும் பானெட் திறக்க உள்ளே லிவரைத் தேடுவார்கள். இவர் தேடவில்லை. நேராகப் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு கொக்கியையும் விடுவித்து, பூப்போலக் கவிழ்த்தார். முட்டி போட்டு முன்சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டுத் தடவினார். "அண்ணா, இந்த டிரனியனுக்கு அப்பா என்னங்க போடுவாரு?" என்றார். முன்சக்கரம் திரும்புகிற மூட்டுதான் டிரனியன். 90 கியர் ஆயில் என்றேன். "பாத்தீங்களா, தெரிஞ்சவர். முக்காவாசிப் பேரு கிரீஸ் அடிச்சுக் கெடுத்துடுவாங்க. அப்புறம் ஒரு நாள் திரும்பறப்போ சக்கரம் மடங்கிப் படுத்துக்கும்."

உண்மை. அப்பா இதே வார்த்தையைச் சொல்லி என்னைத் திட்டியிருக்கிறார்.

அம்மா காபி கொண்டுவந்து, "உள்ள உக்காந்து பாருப்பா" என்றார். அதற்கு அந்த ஆள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேண்டாங்கம்மா, அப்பா உக்காந்த சீட்டு. வேலை முடிச்சுக் கொண்டாறேன், மொதல்ல நீங்க உக்காருங்க." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று ஜிபே நம்பர் கேட்டேன். வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை, இன்னொரு எஸ்டிமேட் வாங்கவில்லை. ஒரு சீட்டில் உட்காராததற்காக ஒருவனை நம்பினேன்.

முதலில் 15,000, வண்டியைச் சோதித்துத் திட்டம் எழுதித் தர. பதினோரு பக்கம், ஸ்பைரல் பைண்டிங் போட்டு வந்தது. எந்த மாதம் பாடி இறக்குவது, எப்போது மணல் அடித்துத் துரு எடுப்பது, இன்ஜின் போரிங், வயரிங், பட்டி, பெயிண்ட் என்று வரிசையாக. கடைசியில் விண்டேஜ் பதிவு வேறு. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதனால் வேறு இன்ஜின் மாற்றித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள் என்று எனக்கே புத்தி சொன்னார்!

ஆறாவது பக்கத்தில் இறக்குமதிப் பாகங்கள், 1,20,000. கேஸ்கெட் செட், டிரனியன், வீல் சிலிண்டர், இப்படிப் பத்து வரி. எட்டாவது வரி: "பின்கதவு, ஒரு ஜோடி, இங்கிலாந்து." நான் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தலையாட்டினேன். பணம் போட்டேன். பங்குனியில் வண்டியை எடுத்துப்போன அன்று சேஸிஸ், இன்ஜின் வேலைக்கு அட்வான்ஸ் 1,50,000. ஆக 2,85,000.

முதல் இரண்டு வாரம் போட்டோ வந்தது. பாடி தனியாக, சேஸிஸ் தனியாக. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. நான் போன் செய்வேன், பதில் இப்படி வரும்.

"கப்பல் கொழும்புல நிக்குதுங்கண்ணா."

"கஸ்டம்ஸ்ல ஒரு பேப்பர் கேக்கறாங்கண்ணா."

"ஆடி முடியட்டுங்கண்ணா. நல்ல காரியம், ஆடியில எதுக்கு ஆரம்பிக்கறது?" இதற்கு அம்மா சந்தோஷப்பட்டார். பையனுக்குச் சாங்கியம் தெரிகிறதே என்றார்.

ஆவணியில் கேட்டால் முகூர்த்த மாசம், பசங்க எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்களாம். புரட்டாசியில், "தினமும் போன் பண்ணினா வேலை எப்படிங்கண்ணா நடக்கும்?" என்று என்மேலேயே கோபம். அதற்கப்புறம் ஒரு பெண் எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்பார். தகரக் கொட்டகையில் என்ன மீட்டிங்? அங்கே மேஜையே கிடையாது. சரி, சாமான் இறக்குமதி செய்ததற்குச் சுங்கத்தில் போட்ட பில் ஆஃப் என்ட்ரியையாவது அனுப்புங்கள் என்றேன். மங்கலான ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

அப்பா காலத்தில் வண்டி பார்த்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, கண் சரியில்லை. பொறுக்க முடியாமல் அவரிடம் அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். எட்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பின்கதவா? இங்கிலாந்துலயா?" சிரித்தார். "அங்க ஹெரால்டுக்கு ரெண்டே கதவுதானப்பா. நாலு கதவு நம்ம மெட்ராஸ்ல போட்டது. அவங்ககிட்ட இல்லாத கதவை எங்கிருந்து அனுப்புவாங்க?"

எனக்கு இது தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. நாலு கதவு ஹெரால்ட் உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். மற்ற பாகங்களெல்லாம் நிஜமாகவே அங்கே கிடைப்பவை, டிரையம்ப் பிரியர்கள் அங்கே நிறைய என்பதால். நிஜமானதற்கு நடுவே பொய்யைச் செருகியிருந்தான். பார்த்தும் பார்க்காமல் போட்டேன் பணத்தை.

மறுநாளே நேரில் போனேன். ஐப்பசி மழையில் சேஸிஸ் வெட்டவெளியில் கிடந்தது. மணல் அடித்ததாகச் சொன்னார்களே, துருவின் மேலேயே கறுப்பு பெயிண்ட். உதிர்ந்துபோயிருந்த அந்தக் கைகளைச் சாவியால் தட்டினேன். தகரச் சத்தம் வரவில்லை. பட்டி! பாடியின் முழு பாரத்தையும் தாங்குகிற இடத்தில் பட்டி வைத்து வழித்திருக்கிறார்கள். அதை நம்பி அம்மாவை ஏற்றி ஓட்டியிருப்பேன்.

ஹெரால்டின் பாடி ஒரே கூடாக வருவதில்லை, துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்த்தது. புதுப்பிக்கிறவனுக்கு அது பெரிய வசதி. கழற்றி விற்கிறவனுக்கு அதைவிட வசதி. கார்புரேட்டர் இல்லை, டைனமோ இல்லை, ஹப்கேப் நாலும் இல்லை, பின் பம்பர் இல்லை. கேட்டால் "சர்வீசுக்குப் போயிருக்குங்கண்ணா." பம்பருக்கு என்ன சர்வீஸ்?

பணத்தைக் கொடு என்றேன். ஷெட் வாடகை ஒரு நாளைக்கு 500 என்று என்னிடமே கணக்குச் சொன்னான். ஸ்டேஷனுக்குப் போனேன். "இது சிவில் மேட்டருங்க" என்றார்கள். ஆனாலும் ஒரு ஏட்டு போனில் நாலு வார்த்தை பேசினார், அதனால் வண்டியாவது வந்தது. ரெக்கவரி வண்டி வாடகை 6,500. அதை இந்த 2,85,000-ல் சேர்க்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரும் பதிந்துவிட்டேன். அந்த ஸ்பைரல் புத்தகமும் ஜிபே ரசீதும் கையில் இருக்கின்றன.

யோசனை சொல்கிறேன் என்றேன் இல்லையா. விரிவாக எழுதும் நிலையில் நான் இல்லை. வண்டியைக் கொடுக்கும் முன் சேஸிஸ் எண், இன்ஜின் எண், ஒவ்வொரு பாகம், எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், பட்டியலில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டுச் சாமானை நீங்களே ஆர்டர் போடுங்கள். முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். சேஸிஸைப் பெயிண்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள், சுத்தியலோடு. உங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக்கைப் பணம் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், என்னைப் போல எட்டு மாசம் கழித்து அல்ல.

இன்று காலை அவர்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாடி கழற்றிய என் வண்டியின் போட்டோ, மேலே "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்று. பின்சீட்டில் அம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறைகூடத் தெரிகிறது. கீழே ஒருவர், "எங்க அப்பாவோட பத்மினி கார் ஒண்ணு இருக்கு, என்ன ஆகும் சார்?" என்று கேட்டிருந்தார். அவருக்கு 2,85,000 ஆகும் என்று பதில் போட்டேன். பத்து நிமிஷத்தில் என் பதிலையும் காணோம், அந்தப் பக்கமும் எனக்குத் திறக்கவில்லை. அந்தப் பத்மினிக்காரர் இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.