ஏழு அடுக்குக் கால்பேக்கும் ஒரு நெல் மில்லும்

2016இல் சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லுக்கு நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டைச் சேர்வரில் ஓட்டுவது) கொள்வனவுக் கணக்குப் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பெரும்போகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது அதைத் திறக்க வேண்டி வருகிறது. அதனால் அந்தக் காலத்துக் கால்பேக்குகளோடு (வேலை முடிந்ததும் கூப்பிடும்படி கொடுத்துவைக்கும் ஃபங்ஷன்கள்) உறவு இன்னும் அறுந்தபாடில்லை.

விவசாயியைத் தேடு, எடையைப் பதி, ஈரப்பதனுக்குக் கழி, பில்லைச் சேமி, எஸ்எம்எஸ் அனுப்பு என்றெல்லாம் ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்றாக ஏழு அடுக்கு. எல்லோரும் கோட் வலப்பக்கமாய் நகர்ந்துபோகும் அந்தச் சரிவைத்தான் குறை சொல்வார்கள். என் நித்திரையைக் கெடுத்தது அதுவல்ல. அறுவடை மும்முரத்தில் முதலாளி ஃபோன் எடுத்து, "தம்பி, ஒரே வெள்ளாமைக்கு ரெண்டு பில் அடிச்சிருக்கு" என்றார். இரண்டு நாள் தேடினேன். எடை பதியும் அடுக்கில் பிழை வந்தால் கால்பேக்கைக் கூப்பிடச் சொல்லியிருந்தேன், ஃபங்ஷனை அங்கேயே முடிக்கும் ரிட்டர்னை முன்னால் போடவில்லை. பிழையைச் சொன்ன கோட் அங்கே நிற்காமல் கீழே இறங்கி ஒரு பில் அடித்தது. பிழை கிடைத்த மேல்பகுதி மறுபடி முயன்று இன்னொன்று அடித்தது.

அடுக்குகளைப் பெயருள்ள ஃபங்ஷன்களாகப் பிரித்தேன். சரிவு போனது, வாசிக்கத்தான் மேலும் கீழும் தாவ வேண்டியிருந்தது. அப்புறம் நோட்.ஜேஎஸ்ஸின் 8ஆம் பதிப்பு வந்தது. கால்பேக் ஃபங்ஷனை, முடிவைப் பிறகு தரும் பிராமிஸைக் கொடுப்பதாக மாற்றும் பிராமிசிஃபை அதில் இருந்தது. அதனால் பழைய ஃபங்ஷன்களைச் சுற்றி, 2018இல் எல்லாவற்றையும், பிராமிஸின் முடிவு வரும் வரை அந்த வரியிலேயே காத்திருக்கும் எசிங்க்-அவெய்ட்டுக்கு மாற்றினேன். (அசிங்க் என்று எழுதக் கை கூசுகிறது.) ஏழு இடத்துப் பிழைச் சோதனை பிழையைப் பிடிக்கும் ஒரே ட்ரை-கேட்சுக்குள் அடங்கியது. பிழை எறியப்பட்டால் அடுத்த வரி ஓடாது, ரிட்டர்னை மறக்கிற பேச்சே இல்லை.

மறதிக்கு வேறு இடம் கிடைத்தது. எஸ்எம்எஸ் வரியில் அவெய்ட்டும் இல்லை, கேட்சும் இல்லை. அனுப்புவது தோற்றாலும் நோட் 14 வரை லொக்கில் ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். 15இலிருந்து, பிராமிஸ் தோற்றுப்போய், யாரும் பிடிக்காத ரிஜெக்‌ஷன் வந்தால் புரொசஸே விழும். 16க்கு ஏற்றிய அன்று பின்னேரம் சேர்வர் மூன்று தடவை படுத்தது. பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாய் எடுக்கும் ஃபோர்ஈச்சுக்குள் அவெய்ட் போட்டதும் என் கைங்கரியம்தான். அது காத்திராது. அனுப்பி முடியுமுன்னே "எல்லாருக்கும் அனுப்பியாச்சு" என்று திரையில் காட்டியது. சரி, ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும் ஃபோர்-ஆஃப் ஆக்கினேன்.

தராசு வாசிக்கும் இடத்தில் மட்டும் கால்பேக் இன்றும் அப்படியே இருக்கிறது. பிராமிஸ் ஒரு தடவைதான் தீரும், ஒரே பதிலோடு முடிந்துவிடும். லொறி தராசில் ஏறி ஆடி அடங்கும் வரைக்கும் எடை மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.