மியூசியத்தில் கோடை மாலை: இரவுத் திறப்பா, டிஜிட்டல் அறையா?

கோடை வந்துவிட்டால் பெரிய மியூசியங்கள் இரண்டு விஷயங்களைத்தான் அதிகம் விளம்பரம் செய்கின்றன. ஒன்று, இரவு ஒன்பது பத்து மணி வரை கதவைத் திறந்து வைத்து, இசை, உரை, முற்றத்தில் குடிக்க ஏதாவது என்று நடத்தும் மாலை நிகழ்ச்சி. இன்னொன்று, சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் ஒளி ஓட, நாம் நடுவில் போய் நிற்கிற டிஜிட்டல் கலை. கையில் இருப்பது ஒரே ஒரு மாலை என்றால் என் ஓட்டு முதலாவதற்கு. டிஜிட்டல் அறையை மதியம் இரண்டு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஏசியில் பார்த்துக்கொள்ளலாம், அங்கே ஜன்னலே கிடையாது, வெளியே பகலா இரவா என்பதால் உள்ளே எதுவும் மாறப்போவதில்லை.

ஆனால் மாலை நிகழ்ச்சி என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. பாரிஸின் லூவ்ர் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை, நியூயார்க்கின் மெட் மியூசியம் வெள்ளியும் சனியும் 9 வரை என்று வெறுமனே நேரத்தை நீட்டுகின்றன. எனக்குப் பிடித்தது இதுதான். சுற்றுலாக் குழுக்கள் கிளம்பிய பிறகு ஒரு ஓவியத்தின் முன்னால் யாருடைய முழங்கையும் இடிக்காமல் நிற்கலாம் (மோனலிசாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்). டிஜே, கூட்டம், கையில் கோப்பை என்று நடக்கும் மாலைகள் நண்பர்களோடு போக ஜாலியானவை, படம் பார்க்க லாயக்கில்லை. 1997இல் பெர்லினில் தொடங்கிய ‘மியூசியங்களின் நீண்ட இரவு’ மூன்றாவது ரகம்: ஒரே டிக்கெட், ஊர் முழுக்க மியூசியங்கள். பேராசைப்பட்டால் இரவு முழுக்க வரிசையில்தான் கழியும், இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிஜிட்டல் பக்கத்திலும் இரண்டு ஜாதி உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஓவியங்களைப் பெரிதாக்கி ஓடவிடுவது ஒன்று. வான்கோ 1890இல் இறந்துவிட்டார், காப்புரிமைச் சிக்கல் இல்லை, அதனால் யார் வேண்டுமானாலும் அவர் பெயரில் அறை போட முடிகிறது. 1889இல் வரைந்த ‘நட்சத்திர இரவு’ அசலில் 73.7 × 92.1 செ.மீ. தான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் சாயம் வரப்பு வரப்பாக எழும்பி நிற்பது தெரியும், புரொஜெக்டர் சுவர் உயரத்துக்கு அதைப் பெரிதாக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த வரப்புதான். குழந்தைகளோடு போனால் நேரம் நன்றாகப் போகும், அதை மறுக்க மாட்டேன்.

இன்னொன்று, அந்த அறைக்காகவே செய்தது. தோக்கியோவில் டீம்லேப் பிளானட்ஸ் என்ற டிஜிட்டல் கலை மியூசியத்தில் வெறுங்காலோடு முழங்கால் வரை தண்ணீரில் நடக்கிறோம், ஒளியால் ஆன மீன்கள் நம்மைச் சுற்றி நீந்துகின்றன, ஒன்று காலில் மோதினால் மலராக உதிர்கிறது. நாம் இல்லாவிட்டால் அந்தப் படைப்பே இல்லை. டிஜிட்டல் கலைஞர் ரெஃபிக் அனடோல் 2022இல் நியூயார்க்கின் மோமா என்ற நவீன கலை மியூசியத்தின் முன்கூடத்தில் வைத்த திரையும் இதே வகை, மியூசியத்தின் சேகரிப்புத் தரவுகளை செயற்கை நுண்ணறிவுக்குக் கற்பித்து, கூடத்தில் நடப்பவர்களின் அசைவும் வெளியே இருக்கும் வானிலையும் படத்தை மாற்றும்படி செய்திருந்தார். சொல்லப்போனால் நம்மை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ள டிஜிட்டலே தேவையில்லை. 2003இல் ஒலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் லண்டனின் டேட் மாடர்ன் மியூசியத்தில் மஞ்சள் விளக்குகள், கூரையில் முகம் பார்க்கும் கண்ணாடி, கொஞ்சம் பனிமூட்டம், இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு சூரியனை உண்டாக்கினார், ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்துக் கிடந்தார்கள்.

டிஜிட்டல் அறைக்குத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டால் பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள், பல இடங்களில் தரையே முகம் பார்க்கும் கண்ணாடி. படம் சுற்றிச் சுற்றி ஓடும் என்பதால் பாதியில் நுழைந்தாலும் கவலை வேண்டாம், சுவரோரமாக உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றையும் பாருங்கள். சில மியூசியங்களில் மாலை டிக்கெட்டிலேயே இந்த அறையும் சேர்ந்து வரும். அப்படியானால் கூட்டம் முற்றத்து இசைக்கு நகரும்போது நீங்கள் உள்ளே நழுவிவிடுங்கள், மூடும் நேரத்துக்கு முன்பே கடைசி நுழைவை நிறுத்திவிடுவார்கள்.