சிற்றலை ரேடியோவுக்கு எந்த ஏரியல்: நீட்டுக் கம்பியா, மொட்டைமாடி வயரா, லூப்பா?

டெக்சன் எஸ்-2000 என்ற பெரிய மேசை ரேடியோவை வாங்கிய நண்பர்கள் இரண்டு மாதத்துக்குள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “இவ்வளவு பெரிய பெட்டி, இவ்வளவு விலை. ஆனா என் பழைய கையடக்க ரேடியோவை விட அப்படி ஒண்ணும் அதிகமா எடுக்கலையே?” கிரண்டிக் சாட்டலைட் 750 என்ற பெயரில் வந்ததும் ஏறக்குறைய இதே பெட்டிதான். பெட்டியில் கோளாறு இல்லை. சிற்றலையில் நம் காதுக்கு வரும் இரைச்சலில் பெரும்பகுதி ரேடியோவுக்குள் பிறப்பதல்ல, வெளியிலிருந்து ஏரியல் வழியாக வருவது. அதனால் எந்த ஏரியல், எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. 2017 ஏப்ரல் கடைசியில் பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் நின்றது. அப்படிப் பலமாகக் கேட்டவை ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்ட காலத்தில், மெல்லிய குரல்களைத் தேடுகிறவருக்கு இது இன்னும் முக்கியம்.

ஏரியல் வாங்கப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ரேடியோவில் நான்கு பெரிய பேட்டரிகளைப் போட்டு, இரவு எட்டு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டில் யாரையாவது மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அணைத்த நொடியில் ‘ர்ர்ர்’ என்று அறுத்துக்கொண்டிருந்த சத்தம் அடங்கி, அதற்கடியில் இருந்த ஒரு பெண் குரல் மேலே வந்தது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில் மூன்று அகப்பட்டன: கூடத்து எல்.இ.டி. பல்பு, மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர். பல்பை மாற்ற நூறு ரூபாய்ச் சொச்சம் ஆனது. அந்தச் செலவுக்கு அத்தனை பலன் எந்த ஏரியலும் எனக்குத் தந்ததில்லை.

இனி ஏரியல்கள். ரேடியோவோடு வரும் நீட்டுக் கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரைச்சல் எங்கே பிறக்கிறதோ அதே அறையில்தான் அதுவும் நிற்கிறது. இரவில் 49, 41 மீட்டர் பட்டைகளில் (6, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) வரும் பலமான நிலையங்களுக்குப் போதும். ஜன்னலோரம் நகர்த்தி, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் கொஞ்சம் தேறும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மத்திய அலைக்கு இதற்கும் சம்பந்தமே இல்லை; அதற்கு ரேடியோவின் தலையில் சுழலும் ஃபெரைட் ஏரியல் (காந்தத் தண்டில் கம்பி சுற்றியது) இருக்கிறது, அதைத் திருப்பித் திருப்பிக் கேட்பது தனி சுகம்.

சொந்த மொட்டைமாடி இருக்கிறவருக்கு வயர் ஏரியல்தான் என்பது என் தீர்ப்பு. ஆனால் கட்டுகிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. நான் முதல் தடவை தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்மூலைக் கம்பம் வரை 15 மீட்டர் பிளாஸ்டிக் உறை போட்ட செப்பு வயரை இழுத்து, அதே வயரை ஜன்னல் வழியாக இறக்கி, ரேடியோவின் பின்னால் உள்ள கிளிப்பில் செருகினேன். சிக்னல் மீட்டர் எகிறியது. இரைச்சலும் கூடவே எகிறியது. காரணம் எளிது: மாடியிலிருந்து மேசை வரை சுவரை ஒட்டி வந்த அந்த வயரும் ஏரியல்தானே, வீட்டு ஒயரிங்கின் அழுக்கு முழுவதையும் அது வாரிக்கொண்டு வந்தது.

மறுவாரம் மாடியிலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 9-க்கு-1 பேலன் வைத்தேன்; வயரையும் கேபிளையும் பொருத்தி வைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அது. வயர் அதோடு நின்றது. அங்கிருந்து கீழே வருவது டி.வி. கேபிள் மட்டும், ரேடியோவில் வெளி ஏரியலுக்கென்று உள்ள 50 ஓம் பி.என்.சி. முனைக்கு. டி.வி. கேபிள் 75 ஓம் என்று கவலைப்பட வேண்டாம், கேட்பதற்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. பேலனின் எர்த் முனையிலிருந்து தோட்டத்து மண்ணில் அடித்த செப்புக் கம்பிக்குத் தனி வயர் போனது; மின் இணைப்பின் எர்த்தோடு இதைச் சேர்க்கவில்லை. இப்போது மீட்டர் முள் முன்பை விடக் கீழே நிற்கிறது, குரலோ தெளிவாக மேலே நிற்கிறது. மீட்டரைப் பார்த்து ஏரியலை எடைபோடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

வயருக்கு ஒரு பலவீனம் உண்டு: எதையும் கழிக்காமல் அள்ளும். தூத்துக்குடியின் 200 கிலோவாட், 1053 கிலோஹெர்ட்ஸ் போல ஒரு பெரிய மத்திய அலை நிலையம் பக்கத்தில் இருந்தால், இல்லாத இடங்களிலெல்லாம் அதன் குரல் பேய் போல் கேட்கும். ஏரியலிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று தீர்மானிக்கும் ஆர்.எஃப். கெயின் குமிழை இடப்பக்கம் திருப்பிக் குறையுங்கள். ஏரியல் பெரிதான பிறகு அந்தக் குமிழை முழுசாகத் திறந்து வைத்துக் கேட்க அவசியமே இல்லை.

அடுக்குமாடியில் பால்கனி மட்டும் உள்ளவருக்கு வயர் கனவுதான். அவருக்கு லூப். ஒரு மீட்டருக்கும் குறைவான உலோக வளையம், அடியில் பெருக்கி, கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம். எம்.எல்.ஏ.-30 என்று மலிவாகக் கிடைப்பது இந்த ரகம். இதன் சிறப்பு அதிகமாக இழுப்பதில் இல்லை, விலக்குவதில் இருக்கிறது. பி.வி.சி. குழாயில் கட்டி மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சல் சட்டென்று விழும். வானத்திலிருந்து பல கோணத்தில் இறங்கும் நிலையத்தின் சிக்னல் அப்படி விழாது. ஆனால் பெருக்கிக்குச் செல்போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அந்தச் சார்ஜரின் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கித் தரும். சின்ன லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் என் லூப் உருப்பட்டது. பகலில் 16, 13 மீட்டர் பட்டைகளில் (17, 21 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மெல்லிய நிலையங்களை வயர் எடுத்த அளவுக்கு இது எடுக்கவில்லை. இரவில் 41 மீட்டரில், இரைச்சல் மிகுந்த நாட்களில், லூப்தான் ஜெயித்தது.

நீங்களே ஒப்பிடுவதானால் சீனாவின் பி.பி.எம். நேரக் குறிப்பு நிலையம் நல்ல உரைகல். 5000, 10000 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு நொடி ‘டிக்’ என்று வரும். சிற்றலை சிக்னல் ஏறி இறங்கும் என்பதால் ஒரு ஏரியலில் ஐந்து நிமிடம், அடுத்ததில் ஐந்து நிமிடம் என்று கேட்டால் ஏமாந்துபோவோம். இருவழி சுவிட்ச் ஒன்று போட்டு, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, டிக் சத்தம் எதில் இரைச்சலை மீறித் தெரிகிறது என்று ஹெட்போனில் கேளுங்கள். ஒரே இரவோடு முடிக்காமல் ஒரு வாரம் பாருங்கள்.

வயர் கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. மின் கம்பிக்குப் பக்கத்திலோ மேலேயோ கீழேயோ ஒருபோதும் இழுக்காதீர்கள். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. என் கேபிளில் ஜன்னலுக்கு வெளியே ஒரு இணைப்பு வைத்திருக்கிறேன். சித்திரை வைகாசியில் சாயங்காலம் வானம் கறுக்கத் தொடங்கியதும், முதல் இடி கேட்கும் முன்பே, அதைக் கழற்றி வெளியே விட்டுவிடுவேன்.