ஹாட் டிப் என்று சொல்லி ஜிங்க் பிளேட்டிங் போட்டுக் கொடுத்த நங்கூரச் சங்கிலி

காட்பாடியில் இருக்கும் நானும் கொச்சியில் வேலை பார்க்கும் என் தம்பியும் சேர்ந்து 30 அடிப் பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறோம். அதன் நங்கூரச் சங்கிலி 8 மில்லிமீட்டர் கனம், 50 மீட்டர் நீளம். மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ என்ற கணக்கில் 70 கிலோ எடை. துத்தநாகப் பூச்சு தேய்ந்து ஆங்காங்கே துரு தலைகாட்டியதால், சென்ற ஆண்டு அதை லாரி பார்சலில் வரவழைத்து, ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் மறுபூச்சுக்குக் கொடுத்தேன். சிப்காட்டைச் சுற்றி இத்தனை இரும்பு வேலை நடக்கிறதே, சொந்த மண்ணிலேயே முடித்துவிடலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஓர் உயிரே போயிருக்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"ஹாட் டிப்தானே சார்? நம்ம வேலை பத்து வருஷத்துக்கு அசையாது" என்றார் பட்டறைக்காரர். ஹாட் டிப் என்றால், ஆசிட்டில் துரு நீக்கிய இரும்பை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகியிருக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. துத்தநாகம் இரும்போடு கலந்து பிடித்துக்கொள்வதால், நல்ல வேலையில் பூச்சு 50 மைக்ரானுக்குக் குறையாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மின்சாரம் பாய்ச்சிப் பூசும் ஜிங்க் பிளேட்டிங் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். உப்புநீரில் துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. எனவே பூச்சின் கனமே சங்கிலியின் ஆயுள்.

திரும்பி வந்த சங்கிலி புதுப் பாத்திரம் போல் வழுவழுவென்று மின்னியது. அந்த மினுமினுப்பைக் கண்டு மகிழ்ந்ததுதான் நான் செய்த பிழை. ஹாட் டிப் செய்த சங்கிலி நாளடைவில் மங்கிய சாம்பல் நிறத்துக்கு வருவது. தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், கண்ணிகளின் வளைவில் துத்தநாகம் சொட்டி உறைந்த சிறு முனைகளும் தென்படும். என் சங்கிலியில் அப்படி ஒரு சொட்டுக்கூட இல்லை.

இரண்டு மாதத்தில் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, நங்கூரத்தை ஒட்டின பத்து மீட்டரும் செங்கல் நிறமா இருக்கு. அதைவிட மோசமா இன்னொண்ணு இருக்கு, நீங்க வந்து பாருங்க." அன்றிரவே ஆலப்புழை எக்ஸ்பிரஸ் பிடித்தேன்.

அந்த இன்னொன்றை என்னால் மறக்க முடியவில்லை. சங்கிலியின் ஏறக்குறைய நடுவில் ஒரே ஒரு கண்ணி மட்டும் வேறு சாதியாக இருந்தது. மற்றக் கண்ணிகளின் உள்நீளம் 24 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பரில் இது 26 காட்டியது. ஒரு பக்கம் வெல்டிங் திரண்டு நிற்க, அதன் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். தொட்டியில் கொள்ளாததாலோ தூக்க வசதிக்காகவோ சங்கிலியை நடுவில் அறுத்து வேலை பார்த்துவிட்டு, கடையில் கிடைத்த ஏதோ ஒரு கண்ணியைக் கோத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நங்கூரம் தூக்கும் விண்ட்லாஸின் பல்சக்கரம் குறிப்பிட்ட கண்ணி அளவுக்கென்றே வார்க்கப்படுவது. அந்த நீளக் கண்ணி பள்ளத்தில் உட்காராமல் துள்ளியதில்தான் தம்பிக்குக் குட்டு தெரிந்தது. 6 மீட்டர் ஆழத்தில், படகு முகப்பின் ஒரு மீட்டர் உயரத்தையும் சேர்த்து, அதற்கு ஐந்து மடங்காக 35 மீட்டர் சங்கிலி விட்டுப் படகை நிறுத்தியிருந்த இரவுகளில், அவ்வளவு இழுவையும் அந்த விரிசல் விழுந்த கண்ணி வழியாகத்தான் போயிருக்கிறது. தம்பியின் இரண்டு பிள்ளைகளும் அந்த இரவுகளில் படகில்தான் தூங்கினார்கள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டபோது பில்லைக் காட்டினார்கள். அதில் "கால்வனைசிங்" என்று மட்டும் இருந்தது. எந்தத் துத்தநாகப் பூச்சையும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்; ஹாட் டிப் என்ற சொல் இல்லை. ஆகவே சங்கிலி கொடுப்பவர்கள் "ஹாட் டிப், ஐ.எஸ். 2629 முறைப்படி, அறுக்கக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள் (ஐ.எஸ். 2629 என்பது ஹாட் டிப் வேலைக்கான இந்தியத் தர விதிமுறை). வாங்கும்போது பூச்சின் கனத்தை அதற்கென்று உள்ள அளவுக் கருவியான மீட்டரை வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்று சொல்லும் இடத்தில் கொடுக்கவே வேண்டாம். முழு நீளத்தையும் தரையில் விரித்து ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தடவிப் பாருங்கள், அரை மணி நேரம் ஆகும், பரவாயில்லை. கண்ணிகள் உரசும் இடத்தில் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 8 மில்லிமீட்டர் 7.2 ஆகியிருந்தால், மறுபூச்சுக்குச் செலவே செய்யாதீர்கள், சங்கிலியை மாற்றிவிடுங்கள். ஜி70 போன்ற உயர்வலிமைச் சங்கிலியை (ஜி என்பது சங்கிலியின் வலிமைத் தரம்) இப்படிப்பட்ட பட்டறைகளின் ஆசிட் தொட்டியில் இறக்கவே கூடாது, அந்த வகை எஃகு ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை அடையக்கூடும்.

நாங்கள் இப்போது உற்பத்தியாளரின் சோதனைச் சான்றோடு ஜி40 சங்கிலி புதிதாக வாங்கியிருக்கிறோம். நங்கூரத்தோடு அதை இணைக்கும் ஷாக்கிளின் திருகாணியைக் கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை தலைமாற்றிப் போட்டு, தேய்மானத்தை இரு முனைக்கும் பங்கிடுவதாக இருக்கிறோம்.

அறுத்தெடுத்த கண்ணி, பில், புகைப்படங்கள் ஆகியவற்றோடு பட்டறைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் வரும் மாதமே மனு கொடுக்கப்போகிறேன். அதே பட்டறையில் இன்றைக்கும் லிஃப்ட் சங்கிலியும் கிணற்று மோட்டார் தூக்கும் சங்கிலியும் பூச்சுக்கு வந்து இறங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன்.