பழைய ஜியானா, புது ரைசனா: மோல்டு டிசைனுக்கு நான் வாங்கிய மெஷின்

கோவையில் பிளாஸ்டிக் மோல்டு டிசைன் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. இரண்டு பேர், இரண்டு மெஷின், நாள் முழுக்க சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருள். அதில் ஒரு மெஷினை மாற்ற வேண்டி வந்தபோது மூன்று வழி இருந்தது. பெரிய கம்பெனிகள் ஓட்டிக் கழித்த இரட்டை ஜியான் (இன்டெல்லின் சர்வர் ரக பிராசசர்) வொர்க்ஸ்டேஷனை மறுபடியும் செகண்ட் ஹேண்டில் வாங்குவது ஒன்று. இன்டெல் 14-ஆம் தலைமுறையில் புதிதாக அசெம்பிள் செய்வது இன்னொன்று. மூன்றாவது, ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் பிராசசர். நான் மூன்றாவதை வாங்கினேன், இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். அதனால் கீழே ரைசனுக்கு இடம் அதிகம் போகும்.

வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கேட் மாடலில் ஸ்கெட்ச், எக்ஸ்ட்ரூட், டிராஃப்ட், ஷெல், ஃபில்லட் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கும். மேலே ஒரு ஸ்கெட்சில் 42 மில்லிமீட்டரை 42.5 ஆக்கினால், கீழே உள்ளவை எல்லாம் மறுபடி கணக்கிடப்பட வேண்டும். இதுதான் ரீபில்ட். ஒரு வேலை முடிந்தால்தான் அதன் மேல் நிற்கும் அடுத்த வேலை தொடங்கும். எனவே பிராசசருக்குள் கணக்குப் போடும் கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே இங்கே பேசும். எங்கள் பழைய மெஷினில் ஜியான் ஈ5-2680 வி4 இரண்டு இருந்தன. தலா 14 கோர், கோருக்கு இரண்டு வேலை வரிசை என்று மொத்தம் 56 த்ரெட். ஆனால் 2016-இல் வந்த அந்த பிராசசரின் உச்ச வேகமே 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். ரீபில்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மொத்த உபயோகம் 2 சதவீதம் என்று காட்டும், திரையில் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது இருக்கும் ரைசன் 7 7700-இல் 8 கோர்தான், ஆனால் 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. ஒரு வாளி மூடியின் மோல்டு ஃபைலை இரண்டிலும் திறந்து ரீபில்ட் கொடுத்துப் பார்த்தேன். பழையதில் 50 விநாடிக்கு மேல் ஆனது, புதியதில் 22 விநாடி. ஒரு நாளைக்கு நாற்பது முறை ரீபில்ட் கொடுப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

விலையில் ஜியான்தான் ஜெயிக்கும். எனக்கு வந்த கொட்டேஷன்களில் அது புதியதன் பாதி விலைக்கும் கீழே இருந்தது. போதாததற்கு என் பழைய மெஷினின் 128 ஜிபி ரேமைக் கழற்றி அதில் அப்படியே போட்டுக்கொள்ளலாம். அந்த ஆசை எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. அதை விட்டதற்கு வேகத்தையும் தாண்டி ஒரு காரணம் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை பழைய மெஷின் ஆன் ஆகவில்லை. பவர் பட்டனில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. பார்க்க வந்த தம்பி ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்: பவர் சப்ளை போய்விட்டது. சாதாரண கம்ப்யூட்டராக இருந்தால் அன்று மாலைக்குள் வேறொன்று வாங்கி மாட்டியிருப்போம். இதில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் எல்லா இடத்திலும் கிடைக்கும் 24 பின் இல்லை, மெஷினைச் செய்த கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட வடிவம். பெட்டியும் கம்பி இல்லாமல் தள்ளிச் செருகும் மாதிரி, ஸ்க்ரூ ஓட்டைகளே வேறு இடத்தில். கோவையில் எந்தக் கடையிலும் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவரிடம் சொல்லி வைத்தோம், அவரும் அதே மாடல் பழைய மெஷின் ஒன்று உடைப்புக்கு வரும் வரை காத்திருந்துதான் எடுத்து அனுப்பினார். ஒன்பது நாள். வந்ததும் பழைய சரக்குதான், அதற்கு வாரண்டி கிடையாது. அந்த ஒன்பது நாளும் டெலிவரி சொன்ன ஒரு கோர்-கேவிட்டி (மோல்டின் இரு பாதிகள்) டிராயிங்கை இருக்கிற ஒரே மெஷினில் ராத்திரி ஷிப்ட் போட்டு முடித்தோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். இது போனால் நாளைக் காலை எந்தக் கடையிலிருந்தும் இன்னொன்று வாங்கி மாட்ட முடியுமா? ஜியான் மெஷினில் ஃபேன் கனெக்டர், கூலர், போர்டின் அளவு எல்லாமே அந்தக் கம்பெனியின் சொந்த அளவு. ரேம் மட்டும் பொதுவானது போலத் தெரியும், ஆனால் அது சர்வருக்கென்ற, பிழை திருத்தும் ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம். டிடிஆர்4 என்றே எழுதியிருந்தாலும் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது. ஆக அந்த 128 ஜிபி எனக்குச் சொத்து இல்லை, அந்த மெஷினோடு சேர்ந்தே வாழ்ந்து சேர்ந்தே போகும். இன்னொரு தலைவலி, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இந்தத் தலைமுறை ஜியான் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்பார்கள். வாடிக்கையாளர் ஃபைல் இருக்கும் மெஷினில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அசெம்பிள் செய்த மெஷினில் எல்லாம் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு: கேபினட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), போர்டு. எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம்.

சரி, அப்படியானால் இன்டெல் ஏன் இல்லை? நியாயமாகச் சொன்னால் அதுவும் நல்ல மெஷின்தான். ஐ7-14700-இல் 20 கோர், ஒற்றைக் கோர் வேகமும் 5.4 கிகாஹெர்ட்ஸ். டிடிஆர்4 போடும் போர்டும் கிடைக்கும், சாதாரண டிடிஆர்4 ரேம் கையில் வைத்திருப்பவருக்கு அது மிச்சம். 13, 14-ஆம் தலைமுறையில் வோல்டேஜ் காரணமாக பிராசசர் கெட்டுப்போன பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு ஓட்டினால் அதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டாம். நான் ஒதுக்கியது சாக்கெட்டுக்காக. 14-ஆம் தலைமுறை உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் வரிசை முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை எல்ஜிஏ1851-க்குப் போய்விட்டது. நாளை பிராசசரை ஏற்ற வேண்டுமென்றால் போர்டும் சேர்ந்து போகும். ஏஎம்5 2022-இல் ரைசன் 7000-உடன் வந்தது, 2024-இல் வந்த 9000 வரிசையும் அதே சாக்கெட்டில் உட்காருகிறது, 2027 வரையாவது தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஐந்தாறு வருடம் ஒரே மெஷினை ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சாக்கெட் பெயர் ஒன்றாக இருந்தால் பொருந்திவிடும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். இன்டெல்லின் 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ1151 என்றே பெயர், ஆனால் 200 வரிசை சிப்செட் போர்டில் 8-ஆம் தலைமுறை ஓடவில்லை. ஏஎம்5-இலும் ஒன்று உண்டு. கடையில் வெகுநாள் கிடந்த பி650 (ஏஎம்5-க்கான ஒரு சிப்செட்) போர்டில் ரைசன் 9000-ஐ மாட்டினால், பயாஸ் பழையதாக இருந்தால் திரையே வராது. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து எடுங்கள், பென் டிரைவை வைத்து பிராசசர் இல்லாமலே புதுப்பித்துவிடலாம்.

ரேமில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எனக்கு 64 ஜிபி வேண்டும் என்றதும் கடைக்காரர் 16 ஜிபி நான்கு எடுத்து வைத்தார். வேண்டாம் என்று 32 ஜிபி இரண்டாக மாற்றச் சொன்னேன். ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ வேகம் 5200, நான்கும் போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். காசு கொடுத்து வேகமான ரேம் வாங்கி அதை மெதுவாக ஓட்டுவது போல. முதல் தடவை ஆன் செய்யும்போது இன்னொன்றும் நடக்கும்: ஃபேன் எல்லாம் சுற்றும், திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமை போர்டு பழக்கிக்கொள்ளும் நேரம் அது. என் பார்ட்னர் பதறிப்போய் பவரை அணைக்கக் கையை நீட்டினார், பிடித்து நிறுத்தினேன். மூன்று நிமிடம் கழித்து பயாஸ் திரை வந்தது.

கிராபிக்ஸ் கார்டில் நான் எடுத்தது ஆர்டிஎக்ஸ் ஏ2000, 12 ஜிபி. அதே காசுக்கு கேமிங்குக்கான ஜீஃபோர்ஸில் வலுவான கார்டு கிடைக்கும். ஆனால் சாலிட்வொர்க்ஸின் சான்று பெற்ற டிரைவர் ஏ2000 போன்ற தொழில்முறை கார்டுகளுக்குத்தான், மாடலை நிஜம் போலக் காட்டும் ரியல்வியூவும் அதில்தான் முறையாக வரும். 70 வாட்தான் எடுக்கிறது, தனி பவர் கேபிளே வேண்டாம், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன விஷயம்: அதில் இருப்பது நான்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட். எச்டிஎம்ஐ மானிட்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டரையும் அப்போதே வாங்கிவிடுங்கள். ரெண்டரிங் வேலை எங்களுக்கு மாதம் ஒரு படம் இரண்டு படம்தான், அதுவே முழு வேலையாக உள்ளவர்கள் கார்டு விஷயத்தில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு ஜீஃபோர்ஸ் சரியாக இருக்கலாம்.

கேபினட், எஸ்எஸ்டி பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிராசசரோடு பெட்டியில் வந்த கூலரே போதுமாக இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் 550 வாட் தாராளம், பிராசசரும் கார்டும் சேர்ந்தே 160 வாட்டைத் தொடுவதில்லை. ஆனால் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன் வேவ் தருகிறதா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில நேரம் ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியில் மெஷினை அணைத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஜியானை வாங்கலாம் என்று ஒரு சிலருக்குச் சொல்வேன். ராத்திரி முழுக்க சிமுலேஷனோ ரெண்டரிங்கோ ஓடவிடுகிறவர்களுக்கு அந்த 28 கோரும் நிஜமாகவே வேலை செய்யும், ஈசிசி ரேமும் அங்கே உதவும். நான் அந்த வேலையைத் தொடர்ந்து செய்ததில்லை, செய்கிறவர்கள் ஒருவர் இருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குவது என்று முடிவானால், மூடியைக் கழற்றச் சொல்லி பவர் சப்ளையின் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதே நம்பரில் இன்னொன்றையும் அன்றைக்கே வாங்கி, ஓட்டிப் பார்த்து, அலமாரியில் வைத்துவிடுங்கள்.