போஸ்ட்பெய்டு நம்பரை க்ளோஸ் பண்ணப் போறீங்களா, வாய்வார்த்தையை நம்பி வந்துடாதீங்க

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் மேட்சிங் பிளவுஸ் கடை வெச்சிருக்கேன். வாட்ஸ்அப் ஆர்டருக்குன்னு என் பேர்ல இன்னொரு போஸ்ட்பெய்டு நம்பர் வாங்கி கடையில வேலை பாத்த பொண்ணுகிட்ட குடுத்திருந்தேன், அது கல்யாணம் ஆகி கும்மிடிப்பூண்டி போயிடுச்சு, சிம்மு கல்லாப்பெட்டியில சும்மா கெடக்குது. 399 ரூபா பிளான், 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேத்தா 470 ரூபா 82 காசு, மாசாமாசம் தண்டம். சரி க்ளோஸ் பண்ணிடலாம்னு டி.எச். ரோட்ல இருக்கிற ஷோரூமுக்கு போனேன். எந்த கம்பெனின்னு சொல்லல, கடைக்கு வர்றவங்ககிட்ட கேட்டா ஆளுக்கு ஒரு கம்பெனி பேரச் சொல்லி இதே கதையதான் சொல்றாங்க.

கவுன்டர்ல இருந்த பையன் மரியாதையாதான் பேசுனான். ஆதார் பாத்தான், அதுவரைக்கும் இருந்த பில்லை கட்டச் சொன்னான், கட்டுனேன். என்னமோ தட்டிட்டு "ரிக்வெஸ்ட் போட்டாச்சு மேடம், ஏழு நாள்ல க்ளோஸ் ஆயிடும்"னான். ஏழு நாள்ங்கிறது டிராய், அதான் போன் கம்பெனிகள கட்டுப்படுத்துற அரசு அமைப்பு, போட்ட கெடுதான், அதுல பொய் இல்ல. எழுத்துல ஏதாச்சும் குடுப்பான்னு கேட்டதுக்கு "இப்பல்லாம் பேப்பரே இல்ல மேடம், எல்லாம் சிஸ்டம்தான்"னு சிரிக்கிறான்.

அப்புறம் ஒரு கால் வந்துச்சு பாருங்க, வினையே அங்கதான். ஆடித் தள்ளுபடி நேரம், கடையில நிக்க இடமில்ல, ஒரு கையில ஸ்கேலு ஒரு கையில துணி, தோள்ல போனை இடுக்கிக்கிட்டு பேசுறேன். "மேடம் ஏன் எங்கள விட்டுப் போறீங்க, மூணு மாசத்துக்கு பாதி ரேட்டுக்கு தர்றோம்"ங்குது ஒரு பொண்ணு. வேணாம்மா, அந்த நம்பரே யூஸ் பண்ணல, க்ளோஸ் பண்ணிடுன்னு தெளிவா சொன்னேன். "ஓகே மேடம், புரியுது மேடம்"னு வெச்சுடுச்சு. இது அவங்க சிஸ்டத்துல எப்டி ஏறியிருக்குன்னா, கஸ்டமர் ஆஃபரை ஒத்துக்கிட்டாங்க, க்ளோஸ் ரிக்வெஸ்ட் கேன்சல்! அதுக்கும் கேன்சல் ஆயிடுச்சுன்னு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்காங்களாம், எந்த நம்பருக்குன்னா நான் மூடச் சொன்ன அதே நம்பருக்கு. கல்லாப்பெட்டிக்குள்ள கெடக்கிற சிம்முக்கு வர்ற எஸ்எம்எஸ்ஸ யாரு படிக்கிறது? பில்லு அந்தப் பொண்ணோட பழைய ஈமெயிலுக்கு போய்க்கிட்டு இருந்திருக்கு.

எனக்கு விஷயம் தெரிஞ்சதே வசூல் ஆளுங்க போன் பண்ணப்பதான். முதல்ல மேடம், அப்புறம் "ஏம்மா", அப்புறம் வீட்டுக்கு ஆள் வரும்னு மெரட்டல், அதுக்கப்புறம் வக்கீல் பேர்ல ஒரு இங்கிலீஷ் நோட்டீஸ் வாட்ஸ்அப்ல. பக்கத்து கடை பாய் "அந்தக் காச மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு வேலையப் பாரும்மா, எதுக்கு தலைவலி"ன்னாரு. நான் கட்டல. ஏன்னா கட்டுனா கனெக்‌ஷன் உயிரோடதான் இருக்கும், அடுத்த மாசமும் பில்லு வரும். வசூல் ஆளுங்கள்ல இன்னொருத்தன் பாதி கட்டுங்க, செட்டில்மெண்ட் போட்டு முடிச்சுக்கலாம்னான். இதுல ரொம்ப உஷாரா இருங்க, செட்டில்டுன்னு சிபில்ல, அதான் பேங்க்காரன் பாக்குற நம்ம கடன் ரிப்போர்ட்ல, ஏறிட்டா முழுசா கட்டுன மாதிரி ஆகாது, பேங்க்காரன் அதையும் குறையாதான் பாப்பான். போன் பில்லு பாக்கி எல்லாமா சிபில்ல வரும்னு கேக்காதீங்க, வருது. ஸ்கூட்டி லோனுக்கு போனப்ப என் ரிப்போர்ட்ல முதல்ல நின்னதே அதான்.

கஸ்டமர் கேருக்கு போட்டு கம்ப்ளைன்ட் நம்பர் வாங்குனேன், நம்பர் குடுக்காம லைனை கட் பண்ண விடாதீங்க, அது இல்லாட்டி மேல எங்கயும் பேச முடியாது. எங்க ரெக்கார்டுல நீங்கதான் ஒத்துக்கிட்டீங்கன்னு அதே பாட்டு. உடனே அப்பீல் போட்டேன். ஒவ்வொரு கம்பெனியிலயும் அப்பீல் அதாரிட்டி இருக்கணும்னு 2012லயே டிராய் ரூல் போட்டிருக்கு, காசு கிடையாது, 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். டிராய்க்கே நேரா எழுதிப் புண்ணியமில்ல, அவங்க தனி ஆள் கம்ப்ளைன்ட்ட விசாரிக்க மாட்டாங்க. அப்பீல்ல நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அந்த கால் ரெக்கார்டிங்க போட்டுக் காட்டு. ரெக்கார்டிங் வரல, "நல்லெண்ண அடிப்படையில் தொகையை தள்ளுபடி செய்கிறோம்"னு ஈமெயில் வந்துச்சு. இவங்க நல்லெண்ணத்த கொண்டு போய் காசிமேட்டு கடல்ல போட!

யாராச்சும் க்ளோஸ் பண்ணப் போறீங்கன்னா கவுன்டர்லயே ரிக்வெஸ்ட் நம்பர் கேளுங்க, நீங்க யூஸ் பண்ற நம்பருக்கு எஸ்எம்எஸ் வந்தப்புறம் எந்திரிங்க. சமாதானம் பேசுற கால் வந்தா பேசி முடிச்ச கையோட "நான் ஒத்துக்கல, க்ளோஸ் பண்ணுங்க"ன்னு ஈமெயில் ஒண்ணு தட்டிடுங்க. ஆட்டோபே நிறுத்துனா கனெக்‌ஷன் போயிடும்னு நெனைக்காதீங்க, பாக்கிதான் ஏறும். என்னைக் கேட்டா க்ளோஸே கேக்க வேணாம், பாக்கிய கட்டிட்டு ப்ரீபெய்டா மாத்திடுங்க, 2021ல இருந்து ஓடிபி வெச்சே மாத்திக்கலாம், அப்புறம் ரீசார்ஜ் பண்ணாம விட்டா தானா செத்துடும், பில்லுன்னு ஒண்ணு வரவே வராது. அதுக்கு முன்னாடி பேங்க், ஆதார்ல அந்த நம்பர் இருந்தா மாத்திடுங்க, செத்த நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஆளுக்கு குடுத்துடலாம். 1900க்கு எஸ்எம்எஸ் போட்டு வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணாலும் சரிதான், ஆனா கடைசி பில்லை பாக்கி வெச்சுட்டு போனா புது கம்பெனியிலயும் லைனை கட் பண்ண வெப்பாங்க.

எனக்கு இன்னும் முடியல. பாக்கி இல்லைன்னு லெட்டர் கேட்டிருக்கேன், அதை வெச்சுதான் சிபில்ல திருத்தச் சொல்லணும், ஸ்கூட்டி அதுவரைக்கும் நிக்குது. லெட்டர் வரலன்னா வட சென்னை நுகர்வோர் கோர்ட்டுதான். போன் கம்பெனி மேல அங்க கேஸ் போடலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, நாம கம்பெனிக்கு கட்டுன காசு 5 லட்சம் வரைக்கும்னா கேஸ் போட ஃபீஸ் கிடையாது.